கந்தளாயிலே பனிக்காலம்

தை மாதத்து விடியற்காலையிலே கந்தளாய்க் குளக்கட்டின்மீது நிற்பவர்க்குக் குளம் தெரிவதில்லை. காலடியில் அலைகரைக் கற்கள் தெரியும். அவற்றை அடுத்துச் சில முழ தூரத்துக்கு நீர் தெரியும். அதற்கப்பால் வெண்மை ஒன்றே காணப்படும். எதிர்ப்புறத்துக் குன்றுகளின் முடிகள் மட்டும் அவ்வெண்மையின்மேல் தீவுகளைப்போல நிற்கும். கதிரவன் சற்றே உயர்ந்ததும் அத்திரை மெல்ல மெல்லக் கிழிந்து விலக, நீர்ப்பரப்பும், அதன் ஓரத்து மருத மரங்களும், கட்டின் மறுபுறத்தே பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற வயல்வெளியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும்.

இக்காட்சியைக் கண்டுகொண்டே பள்ளி செல்லும் சிறுவர், புவியியற் பாடநூலிலே வெண்பனி மூடிய மலைகளின் படத்தைக் காணும்போது ஒரு வினாவை எழுப்புவதுண்டு. திருகோணமலையைச் சார்ந்த இந்நாட்டிலும் கடல் இருக்கின்றது, குன்றுகள் இருக்கின்றன, பனிக்காலம் என்று ஒரு காலமும் இருக்கின்றது. அவ்வாறிருக்க, இங்கு ஏன் அப்படத்திற் கண்டவாறு பனி பெய்வதில்லை? வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. அவ்விடையைத் தேடிச் செல்வோர்க்கு, வெண்பனியின் இயல்பு விளங்குவதோடு, கந்தளாய்க் குளம் எதன்பொருட்டுக் கட்டப்பட்டது என்பதும் புதியதொரு வகையில் விளங்கும்.

பனி என்னும் தமிழ்ச்சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. புல்லின் நுனியிலே நிற்கும் துளியும் பனி. விடியலிலே கண்ணை மறைக்கும் புகாரும் பனி. உடலை நடுங்கச்செய்யும் குளிரும் பனி. இமயத்தின் முடியிலே உறைந்து கிடப்பதும் பனியே. ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த பண்டைத் தமிழர், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும், மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் வகுத்தனர். அவர்கள் கண்ட பனி, இரவின் குளிர்ச்சியால் காற்றிலுள்ள நீராவி துளியாக மாறுவதாகும். மேகத்திலே நீராவியானது நீராகாமல் நேரே பளிங்குத் துகளாக உறைந்து, பஞ்சுபோல நிலத்தில் விழுவது வேறு. இவ்விரண்டும் மயங்காதிருக்கும்பொருட்டுப் பின்னதை வெண்பனி என்றே இங்கு வழங்குதல் தகும்.

வெண்பனி பெய்வதற்குக் கடலும் மலையும் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதை அறிய, கந்தளாயைப்போலவே நெல் விளைகின்ற ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளலாம். யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்சூவின் மேற்குக் கரையிலே நிகாத்தா என்னும் மாகாணம் உள்ளது. அதன் ஒருபுறம் யப்பான் கடல், மறுபுறம் உயர்ந்த மலைத்தொடர்கள், இடையிலே நெல்வயல்கள். அம்மாகாணத்திலே தக்கடா என்னும் பழைய கோட்டைநகர் ஒன்றுண்டு. 1971ஆம் ஆண்டில் அஃது அயலிலிருந்த துறைமுக நகருடன் இணைந்து ஜோயெட்சு எனப் பெயர்பெற்றது. கடற்கரைக்கு அண்மையிலுள்ள அந்நகரிலே, 1945ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிலத்தின்மேற் கிடந்த வெண்பனியின் ஆழம் 377 சென்ரிமீற்றர் என அளக்கப்பட்டது. இரண்டு ஆள் உயரத்தினும் மிக்க பனி அது. இன்னும் தென்மேற்கே, பிவா ஏரிக்கு அருகிலுள்ள இபுக்கி மலையின் உச்சியிலே, 1927ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் 1,182 சென்ரிமீற்றர் ஆழம் அளக்கப்பட்டது. வானிலை நிலையங்களில் அளந்து பதிவுசெய்யப்பட்ட பனி ஆழங்களுள் இதுவே உலகில் மிகப் பெரியது. அம்மலையின் உயரமோ 1,377 மீற்றர்தான். நுவரெலியா நகர் அதனினும் உயரத்தில் உள்ளது.

தக்கடா நகர் வடக்கு அகலக்கோடு 37 பாகையளவில் இருக்கின்றது. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரம் அதற்குச் சற்று வடக்கே இருந்தும், அங்கே இத்தகைய பனி பெய்வதில்லை. ஆகவே வடக்கே இருத்தல் ஒன்றே காரணமாகாது. காரணத்தைக் காற்றிலே தேடவேண்டும்.

மார்கழித் திங்களில் கதிரவன் தென்பாதியிலே நிற்க, ஆசியக் கண்டத்தின் வடபாகம் நீண்ட இரவுகளிலே தன் வெப்பத்தை இழந்துவிடுகின்றது. நிலம் குளிர, அதன்மேலுள்ள காற்றும் குளிர்ந்து அடர்த்தி பெறுகின்றது. ஆதலின் சைபீரியா, மொங்கோலியா ஆகிய நிலப்பரப்புகளின்மீது காற்றின் அமுக்கம் மிக உயர்கின்றது. அமுக்கம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குக் காற்றுச் செல்லுதல் இயற்கை. அவ்வாறு கடல்களை நோக்கிப் புறப்படும் காற்று, புவியின் சுழற்சியினால் திசைமாறி, யப்பானிலே வடமேற்குக் காற்றாக வீசுகின்றது; தென்னாசியாவிலோ மாரிக்காலக் காற்று வடகிழக்கிலிருந்து வருகின்றது. இதுவே வாடை. ஆகவே தக்கடாவிலே வெண்பனி கொட்டும் காலமும், கந்தளாயிலே மாரி பொழியும் காலமும் தற்செயலாக ஒத்தவை அல்ல. ஆசியாவின் பெருநிலம் குளிர்வது என்னும் ஒரே நிகழ்ச்சியின் இரு விளைவுகள் அவை.

எனினும் இருவழியும் ஒன்றல்ல. யப்பானை நோக்கிச் செல்லும் காற்றை இடையிலே தடுக்கப் பெருமலை எதுவுமில்லை. உறைநிலைக்கு மிகக் கீழான குளிரோடும் வறட்சியோடும் அது யப்பான் கடலை அடைகின்றது. அக்கடலிலே தெற்கிலிருந்து சுஷிமா என்னும் வெந்நீரோட்டம் பாய்வதால், மாரிக்காலத்திலும் கடல்நீர் காற்றினும் மிகுந்த வெப்பமுடையதாக இருக்கும். குளிர்ந்த காற்று அந்நீரின்மேற் செல்லும்போது, அடியிலிருந்து வெப்பத்தையும் நீராவியையும் பெற்று, மேகத்தை வரிசை வரிசையாகத் திரட்டிக்கொள்கின்றது. கரையை அடைந்ததும் மலைத்தொடர் எதிர்ப்படுகின்றது. மலைமீது ஏறும் காற்று மேலும் குளிர்ந்து, தாங்கிவந்த ஈரமனைத்தையும் வெண்பனியாகக் கொட்டிவிடுகின்றது. மலையைக் கடந்தபின் அதனிடம் ஈரம் எஞ்சுவதில்லை. அதனாலேயே அதே நாளில் மறுபக்கத்துத் தோக்கியோ நகரிலே வானம் தெளிந்து வெயில் எறிக்கின்றது.

இவ்வியல்பு இலங்கை மக்களுக்குப் புதிதன்று. ஆனி, ஆடி மாதங்களிலே தென்மேற்கிலிருந்து வரும் காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பெய்துவிட்டு, வறண்ட வெங்காற்றாகக் கிழக்கே இறங்குகின்றது. கந்தளாயிலும் திருகோணமலையிலும் அக்காற்றைக் கச்சான் என்பர். மலையின் ஒருபுறத்தார்க்கு மழையும் மறுபுறத்தார்க்கு வெயிலும் அளிக்கும் அவ்விதி, தோக்கியோவுக்கும் கந்தளாய்க்கும் ஒன்றே.

இனி, வாடையின் வழியை நோக்கலாம். சைபீரியாவின் கொடுங்குளிர் நேரே தெற்கே வராதவாறு இமயமும் திபெத்து மேட்டுநிலமும் மதிலாக நின்று காக்கின்றன. வங்காள விரிகுடாவின்மேல் வீசும் வாடை, மெல்லிய குளிர்ச்சி ஒன்றையே உடையது. வெப்பமான அவ்விரிகுடாவைக் கடந்து வரும்போது அக்குளிர்ச்சியும் குறைந்து, ஈரம் மிகுந்துவிடுகின்றது. அன்றியும் ஐப்பசி முதல் மார்கழி வரை அவ்விரிகுடாவிலே தாழமுக்கங்கள் தோன்றுவதுண்டு. அவை சிலபொழுது சூறாவளியாக வளர்ந்து பேரழிவு செய்வதும் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசெம்பரிலே திருகோணமலையைத் தாக்கிய சூறாவளி, பாக்குநீரிணையைக் கடந்து தனுஷ்கோடியையும் அழித்தது. இவ்வாறு வாடையும் தாழமுக்கங்களும் சேர்ந்து தரும் மழையே திருகோணமலை மாவட்டத்தின் பெருஞ்செல்வம். திருகோணமலையிலே ஆண்டுதோறும் சராசரியாக ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களுக்குள் பெய்துவிடுகின்றது.

அம்மழை வெண்பனியாக ஏன் விழவில்லை? உண்மையில் அதன் ஒரு பகுதி, பிறக்கும்போது பனியாகவே பிறக்கின்றது. நிலத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீற்றர் உயரச் செல்லும்போதும் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறு பாகைக்குமேற் குறைகின்றது. இலங்கையின்மீது ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் அஃது உறைநிலையை அடைகின்றது. இடிமேகங்களின் முடி அதனினும் மிக உயர்ந்தது. ஆகவே அங்கே உண்டாகும் துகள்கள் பனிப்பளிங்குகளாகவே இருக்கும். கீழே விழும்போது வெப்பமான காற்றிலே நெடுந்தூரம் கடக்கவேண்டியிருப்பதால் அவை உருகி மழைத்துளியாகின்றன. எப்பொழுதாவது ஓரிடத்தில் ஆலங்கட்டி விழுவது, மேலே பனிக்கட்டி உண்டென்பதற்குச் சான்றாகும். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். அது தன் உயரத்தைப்போல் இருமடங்கு உயர்ந்திருந்தால், அதன் முடியிலும் வெண்பனி தங்கியிருக்கக்கூடும்.

நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் சில விடியல்களில் புல்லின்மேல் வெண்மை படர்ந்திருப்பதைக் கண்டு, அதனை வெண்பனி என்று மயங்குவோர் உளர். அஃது உறைபனி; மேகத்திலிருந்து விழுவதன்று. மேகமற்ற, காற்றசையாத இரவிலே நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிட, புல்லின்மேல் ஈரம் உறைவதால் உண்டாவது. தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்கையும் கருக்கிவிடும் அவ்வுறைபனியும், கந்தளாயிலே புல்நுனியில் நிற்கும் துளியும் உடன்பிறந்தவை. உயரம் ஒன்றே அவற்றை வேறுபடுத்துகின்றது. மழை மிகுந்த கார்த்திகையிலே இவை தோன்றாமல், மழை ஓய்ந்த தையிலே தோன்றுவதன் காரணமும் இதுவே. மேகம் போர்வையாக நின்று நிலத்தின் வெப்பத்தைக் காக்கின்றது. போர்வை நீங்கிய இரவுகளிலேதான் பனி இறங்குகின்றது.

கந்தளாயின் மாரிக்காலக் காட்சி இதற்கேற்ப இரு பகுதியாக அமைகின்றது. ஐப்பசியிலே, கச்சானால் வெடித்துக் கிடந்த வயல்களின்மேல் முதல் மழை விழுகின்றது. மண்ணின் மணம் எழுகின்றது. வறண்டு வெளிறியிருந்த குளத்தின் உட்கரையிலே கால்நடைகள் மேய்ந்த புற்றரைகளை நாளுக்குநாள் நீர் மூடிக்கொண்டு வருகின்றது. கார்த்திகையிலே குன்றுகள் மழைத்திரைக்குப் பின்னே மறைந்துவிடும். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களுமான கமக்காரர் பெரும்போக விதைப்பை முடித்திருப்பர். மார்கழியின் பிற்பகுதியிலே மழை தணியத் தொடங்கும். தை பிறந்ததும் முன்பனியின் ஆட்சி. வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி வந்த வலசைப் பறவைகள் குளத்தின் ஓரங்களிலே இரை தேடும். அவற்றை இங்கே அனுப்பியதும், அங்கே வெண்பனியைப் பெய்வித்த அதே குளிர்காலமே.

தக்கடாவின் காட்சி வேறு. அங்கே மாரிக்காலம் ஓசையற்றது. வெண்பனி விழும் ஒலி கேட்பதில்லை. விழுந்தபின் ஏனைய ஒலிகளையும் அது விழுங்கிவிடுகின்றது. கூரையிலே ஏறும் பனியை அவ்வப்போது மண்வெட்டியால் வாரித் தள்ளாவிடில் வீடு நொறுங்கும். அப்பணியிலே சறுக்கி விழுந்து உயிரிழப்போர் இன்றும் ஆண்டுதோறும் உளர். தெரு முழுவதும் பனியால் மூடப்படுமாதலால், அந்நகரத்தார் தத்தம் வீட்டு முகப்பின் தாழ்வாரத்தைத் தெருவோரமாக நீட்டி, அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு பொருந்தக் கட்டினர். அவ்வாறு வீடுதோறும் தொடர்ந்த தாழ்வாரங்களின்கீழ், பனிக்காலம் முழுவதும் மக்கள் தடையின்றி நடந்து செல்வர். கங்கி எனப்படும் அவ்வழிகள் தக்கடாவில் இன்றும் காணப்படுகின்றன. அந்நிலம் ஒவ்வொருவருக்கும் சொந்தமானது. வழியோ எல்லார்க்கும் பொதுவானது. ஒருவர் தம் பகுதியைப் பழுதடைய விட்டால் வழி முழுவதும் அறுபடும்.

வெண்பனியால் வருந்தும் அம்மக்களே அதனை வாழ்த்தவும் செய்கின்றனர். மலைமேற் பெய்த வெண்பனி உடனே ஓடிவிடுவதில்லை. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்குவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே அளவு நீரை உறைநிலையிலிருந்து 80 பாகைவரை சூடேற்றப் போதுமான வெப்பம் அது. ஆகவே இளவேனிலின் வெயில் எவ்வளவு முயன்றாலும், மலைப்பனி சிறிது சிறிதாகவே உருகுகின்றது. மழை பெய்து ஓய்ந்து திங்கள் சில கடந்தபின்பும் ஆறுகளிலே நீர் குறைவதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் நிகாத்தாவின் நாற்றங்கால்களை நிறைப்பது, மார்கழியிலும் தையிலும் விழுந்த பனியே. அந்நாட்டுக் கமக்காரர் மலைச்சரிவை நோக்கிக் காலமறிவர். பனி உருக உருக, இடையிடையே கரிய பாறை வெளிப்பட்டு, குதிரை போலவும் பறவை போலவும் உருவங்கள் தோன்றும். இன்ன உருவம் தோன்றினால் வயலை உழலாம், இன்னது தோன்றினால் விதைக்கலாம் என்பது அவர் மரபு. வடக்கு அல்ப்ஸ் எனப்படும் அவர்தம் மலைகளுள் ஒன்றான ஷிரோஉமா, வயலைச் சேறாக்கும் குதிரையின் உருவம் அதன் சரிவிலே தோன்றுவதாற் பெயர்பெற்றது என்பர்.

இங்கேதான் சிறுவரின் வினாவுக்குரிய விடையின் முதன்மையான பகுதி இருக்கின்றது. திருகோணமலையிலே நவம்பர், டிசெம்பர் ஆகிய இரு மாதங்களிலும் சராசரியாக ஏறக்குறைய 700 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. ஒரு பங்கு மழைநீர் பொதுவாகப் பத்துப் பங்கு உயரமுள்ள புதுப்பனிக்குச் சமம் என்பது வானிலையாளர் கொள்ளும் பருமட்டான கணக்கு. அக்கணக்கின்படி, இம்மழை முழுவதும் வெண்பனியாகப் பெய்திருந்தால், ஏழு மீற்றர் பனி விழுந்திருக்கும். ஆகவே கந்தளாய் நாடு நீரிலே வறியதன்று. வானம் தருவதை வைத்துக் காக்கும் பனிமலை ஒன்றே அதற்கில்லை. பெய்த மழை சில நாளிற் பேராற்றின் வழியே தம்பலகாமத்துக் குடாவை அடைந்து கடலோடு கலந்துவிடும். அதன்பின் பங்குனி முதல் புரட்டாதி வரை நீண்ட வறட்சி. மலை செய்யாத வேலையை மனிதர் செய்யவேண்டியதாயிற்று. அவ்வேலையின் பெயரே குளம்.

குன்றுகளுக்கிடையே மண்ணாற் கட்டெழுப்பி ஆற்றைத் தடுத்த அப்பெருமுயற்சியை, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனுக்கு உரியதாகச் சிங்கள வரலாற்று மரபு கூறுகின்றது. குளமும் கோட்டமும் அமைத்தமையாற் குளக்கோட்டன் எனப் பெயர்பெற்ற மன்னனே அதனைக் கட்டி, கோணேசர் கோயிலுக்கு நெல் விளையும் வழிசெய்தான் என்பது திருகோணமலைத் தமிழரின் மரபு. இருமரபும் ஒன்றில் உடன்படுகின்றன: அரசன் ஒருவன் நினைவுகூரப்படுவதற்குக் குளத்தினும் சிறந்த காரணம் இல்லை. மத்திய காலத் தமிழ்ச் சாசனங்கள் கந்தளாயைச் சதுர்வேதிமங்கலம் எனக் குறிக்கின்றன. பேராற்று நீரோடு, மாத்தளை மலைகளிலிருந்து வரும் அம்பன் கங்கையின் நீரும் எலஹெர, மின்னேரி, கவுடுல்ல வழியாகப் பெருங்கால்வாய் ஒன்றினாற் கந்தளாய்க்கு வருகின்றது. காடடர்ந்த காலம் கடந்து, பிரித்தானியர் ஆட்சியிலே குளம் மீண்டும் திருத்தப்பட்டது. கந்தளாய், தம்பலகாமம் வயல்களுக்கு மட்டுமன்றி, திருகோணமலை நகரின் குடிநீருக்கும் இன்று அதுவே ஆதாரமாக இருக்கின்றது. துறைமுகத்தை நோக்கிய வீடுகளிலே குழாயைத் திறப்பவர் பெறுவது, கார்த்திகையிலே பெய்து கந்தளாயிலே காத்துவைக்கப்பட்ட நீராகும்.

மலையிலே கிடக்கும் வெண்பனிக்கும் குளத்திலே கிடக்கும் நீருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வெண்பனி சிலபொழுது சரிந்து ஊர்களை அழிப்பதுண்டாயினும், அதனைத் தாங்கி நிற்பது மலை. மலைக்குக் காவலாள் வேண்டுவதில்லை. குளத்து நீரைத் தாங்குவது மண்ணாலாகிய கட்டு. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவில், ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையிலே, கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. சுவர்போல எழுந்த நீர் கட்டின் கீழுள்ள குடியிருப்புகளின்மேற் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பெரும்போகத்தின் பின் சிறுபோகத்துக்கென வைத்திருந்த நீரே அதைத் தந்திருக்கவேண்டிய வயல்களை மணலால் மூடிற்று. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு கிழமையே சென்றிருந்தது. பின்னர்க் கட்டு மீளக் கட்டப்பட்டுக் குளம் மீண்டும் நிறைந்தது. உறவினரை இழந்த குடும்பங்களிலே, கட்டின்மேல் நடந்து செல்பவர் அந்நாளை நினையாதிருத்தல் அரிது.

மண்ணாலாகிய அணைகள் பொதுவாக எவ்வாறு பழுதடைகின்றன என்பதை ஊரார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. எந்த மண்கட்டும் சிறிதளவு நீரைக் கசியவிடும். கசிந்து வரும் நீர் தெளிவாகவும், அளவில் மாறாமலும் இருக்குமாயின் அச்சம் குறைவு. அது கலங்கி வருமாயின், நீரோடு கட்டின் உள்மண்ணும் கரைந்து வெளியேறுகின்றது என்பது பொருள். அவ்வாறு கரைந்த வழி நாளடைவிற் குழாய்போல் விரிந்து, ஈற்றிலே மேலுள்ள மண் அமிழ்ந்துவிடும். பெருமரங்களின் வேரும், விலங்குகளின் வளையும், கறையான் புற்றும் அக்குழாய்க்கு வழிகாட்டிகள். கட்டின் மேற்புறத்தில் வெடிப்போ தாழ்வோ தோன்றுதல், வெளிச்சரிவிலே முன்பு உலர்ந்திருந்த இடம் ஈரமாதல், துருசின் அருகே நீர் சுழித்தல் ஆகிய குறிகளைக் கண்டவர், தமக்கென்ன என்று கடந்து செல்லாமல் நீர்ப்பாசன அலுவலர்க்கு உடனே அறிவித்தல் வேண்டும். நாள்தோறும் கட்டின்மீது நடப்பவன், ஆண்டுக்கொருமுறை வந்து பார்ப்பவர் காணாததைக் காணக்கூடும்.

இப்பொறுப்பு வருங்காலத்திலே குறையப்போவதில்லை. உலகின் வெப்பநிலை உயர்ந்து வருகின்றது. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால், காற்றுத் தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு மிகுகின்றது. அதன் பயனாக, பெய்யும் மழை குறுகிய நேரத்திற் பெருவாரியாகப் பெய்தல் மிகுகின்றது. கடற்கரை சார்ந்த தாழ்ந்த மலைகளிலே, பனியாக விழவேண்டியது மழையாக விழுகின்றது. விழுந்த பனியும் காலத்துக்கு முன்னரே உருகிவிடுகின்றது. பனிமலையை நம்பி வாழ்ந்த நாடுகளும், கந்தளாயார் பண்டே செய்ததுபோல, நீரைத் தாமே தேக்கிக் காக்கவேண்டிய நிலையை நோக்கிச் செல்கின்றன. கந்தளாயிலோ, பெருமழையிலே வான்கதவுகளைத் தக்க வேளையில் திறப்பதும், மழை பொய்த்த ஆண்டிலே உள்ளதைப் பங்கிட்டுக் கொள்வதும் முன்னையினும் அருமையான கருமங்களாகும். போகத்தின் முன்னே கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே, குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, எவ்வளவு நிலம் விதைக்கலாம், எந்நாளில் நீர் திறக்கலாம் எனக் கமக்காரர் ஒருங்கிருந்து முடிவுசெய்யும் வழக்கம் இதன்பொருட்டே ஏற்பட்டது. ஷிரோஉமா மலையின் குதிரையைப் பார்த்து நிகாத்தாவின் அயலிலுள்ளோர் அறிந்ததை, துருசின் அருகே நாட்டிய அளவுகோலைப் பார்த்துக் கந்தளாயார் அறிகின்றனர்.

ஆகவே, இங்கு ஏன் வெண்பனி பெய்வதில்லை என்று கேட்கும் சிறுவனுக்கு, நம் மலை உயரம் போதாது, வாடை வெப்பமான கடலைக் கடந்து வருகின்றது என்று மட்டும் கூறி நிறுத்திவிடலாகாது. அவனைத் தை மாதத்து விடியலிலே குளக்கட்டுக்கு அழைத்துச் சென்று, பனித்திரை விலகும்வரை அங்கே நிறுத்திவைத்தல் வேண்டும். திரை விலகியதும் அவன் காணும் நீர்ப்பரப்பே அவன் ஊரின் பனிமலை என்று காட்டல் வேண்டும். பின்னர் அவனைக் கட்டின் மறுபுறத்தே இறக்கி, அடிவாரத்துக் கசிவுநீர் தெளிந்திருக்கின்றதா, கலங்கியிருக்கின்றதா என்று பார்த்துவரச் சொல்லுதல் வேண்டும்.